வேம்பு பூசிய சுவர்

எங்கள் தெருவில் கரண்டி பிடித்துச் சுவர் பூசுகிற ஒரே பெண் வேம்பு. கொத்தனாருக்குக் கலவை சுமந்து கொடுக்கிற சித்தாள்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் சட்டி இருக்கும், கையில் கரண்டி இருக்காது. வேம்பு சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தவள். அந்தக் கரண்டி அவள் கையைவிட்டுப் போகப் பார்த்தது. இருபத்தோரு நாள் இழுபறி. அதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்வதற்கு என்னைவிட உரிமை யாருக்கு? சுவர் என் வீட்டுச் சுவர்.

நீடாமங்கலத்திலிருந்து வயல்களுக்கு நடுவே மூன்று மைல் வந்தால் எங்கள் ஊர். வேம்பு கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயதில் இங்கே வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் பஞ்சநதம் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். எங்கெங்கே அறுப்போ அங்கெல்லாம் போவான், ஆந்திரா வரைக்கும் போவான். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். வேம்பு நடவுக்கு இறங்கினால் அவளோடு சேர்ந்து நட முடியாமல் மற்றவர்கள் பின்தங்கிப் போவார்கள். அதைவிடப் பெரிது அவளுடைய தண்ணீர் பார்க்கிற கண். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். "இந்த வயலு வடியல. அந்த மூலையில மடைய வெட்டுங்க" என்பாள். வெட்டினால் வடியும். அதில் அவள் தவறி நான் பார்த்ததில்லை.

அப்புறம் நடவுக்கும் மிஷின் வந்தது. புருஷன் மிஷின் ஓட்டுகிறான், பெண்டாட்டியின் வேலையை மிஷின் தின்றுவிட்டது. இளையபெருமாள் மேஸ்திரியிடம் சித்தாளாகப் போனாள். பன்னிரண்டு வருஷம் சட்டி தூக்கினாள்.

மத்தியானம் கொத்தனார்கள் சாப்பிட்டுவிட்டுப் பூவரச மரத்தடியில் துண்டை விரித்து அரை மணி நேரம் கண்ணயர்வார்கள். வேம்பு தூங்கமாட்டாள். ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு சுவரின் பின்பக்கம் போவாள். மீந்த கலவையை அள்ளிப் பூசுவாள், மணியாசுக் கட்டையால் வழவழவென்று தேய்ப்பாள், பார்ப்பாள். அவர்கள் எழுந்திருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சுரண்டிச் சட்டியில் போட்டுவிடுவாள். ஒரு வருஷம் யாருக்கும் தெரியாது. ஒருநாள் மேஸ்திரியைக் கட்டெறும்பு கடித்துவிட்டது, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்துவிட்டார்.

"யார்றா இத பூசுனது?"

"நான்தாங்க மேஸ்திரி."

மேஸ்திரி மட்டப்பலகையைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துளி வெளிச்சம் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப சொரண்டிட்டுப் போயி கலவையத் தூக்கு" என்றாராம்.

இது என் காதுக்கு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அந்த வருஷம் தையில் எங்கள் முன்கூடத்துச் சுவரில் பழைய பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "வேம்புதான் பூசுவா" என்றேன். என் மகன் புகழேந்தி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அம்மா, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வாயில ஈ பூந்துடாமப் பாத்துக்கச் சொல்லு."

பூசினாள். கண்ணாடி தோற்றது போங்கள்! சாயந்திரம் விளக்கைப் போட்டால் அந்தச் சுவர் தாம்பாளம் மாதிரி மின்னும்.

அதே தை மாதத்தில் வாசலையும் சீர் செய்தோம். தெருச் சாலையை இரண்டு முறை மேலே மேலே போட்டதில் என் வாசல் பள்ளமாகிவிட்டது. நான் போடுகிற கோலம் குழிக்குள் விழுந்து கிடக்கிற மாதிரித் தெரியும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கவேண்டும். அது எனக்குப் பொறுக்கவில்லை. தெருவுக்குச் சமமாக உயர்த்திச் சிமெண்டு போடச் சொன்னேன். இளையபெருமாள் மேஸ்திரிதான் போட்டுக் கொடுத்தார்.

முதல் வருஷம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷம் மழைக்காலம் முடிந்து, ஊரெல்லாம் காய்ந்துகொண்டு வரும்போது, கூடத்துச் சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஈரம் கசிந்து ஓதம் கண்டது. மார்கழியில் முழங்கால் வரைக்கும் ஏறியது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. புகழேந்தி தண்ணீர் புகாத பெயிண்டு என்று ஒன்றை வாங்கிவந்து அடித்தான். கீழே வழி அடைபட்ட ஓதம் மேலே ஏறி இடுப்பைத் தொட்டது!

மேஸ்திரி வந்தார். கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டினார்.

"மணலு சரியா சலிக்கல. பூச்சு காயறதுக்குள்ள தண்ணி அடிக்கல. அதான் செவுரு அழுவுது. டைல்ஸ் ஒட்டி மூடிடுங்க, யாருக்கும் தெரியாது."

அந்தப் பேச்சு தெருவைச் சுற்றிவந்து வேம்பின் தலையில் விழுந்தது. நேரம் கெட்ட நேரம். எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பூச்சு வேலையை வேம்புக்கே கொடுப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். குழுத் தலைவி ஹபீபுன்னிசா என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற வேம்பையும் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு வேம்புக்குக் குடுக்கத்தான் ஆசை. ஆனா குழுவுல இருவது பேரு இருக்காங்க. இன்னிலேருந்து மூணாவது ஞாயித்துக்கெழம கூட்டம். அதுக்குள்ள இந்தச் செவுரு ஏன் அழுவுதுன்னு காட்டிடணும். காட்டலன்னா வேலை மேஸ்திரிக்குப் போயிடும். நான் ஒருத்தி என்ன பண்றது?"

வாசலில் நின்ற மேஸ்திரி சும்மா போகவில்லை. "வேம்புக்கு என்ன கொறச்சல்? எங்கிட்ட ஒரு சட்டி எப்பவும் காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேம்பு அழவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்த, இது மேலேருந்து வரல. ஓட்டை மேல இருந்தா மேல நனைஞ்சு கீழ காஞ்சிருக்கும். இது ஏறுது."

"ஏறுதுன்னா யாரு ஏத்துறா?"

"அதத்தானே கண்டுபுடிக்கணும்!"

யூரியா மூட்டைக்குள் இருக்கிற பாலிதீன் பையைக் கிழித்து, ஒரு முழத் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் ஒட்டினாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாலிதீனுக்கு வெளியே உலர்ந்து கிடக்கிறது, உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். "காத்துல இருக்குற ஈரம் இல்ல அத்த. செவுத்துக்குள்ளேருந்து வருது" என்றாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருகிற குழாயை அடைத்தாள். இரண்டு நாள் நாங்கள் எல்லோரும் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். ஓதம் அசையவில்லை. குழாய் மேலும் குற்றமில்லை.

எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்து வீட்டு அமலோற்பவத்தின் குளியலறை மேல்தான் எனக்குச் சந்தேகம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். அவள் சும்மா இருப்பாளா?

"எங்க வீட்டுத் தண்ணி ஒங்க வீட்டுக்கு வர்றதுக்கு, வெத்தல பாக்கு வச்சா அழைச்சீங்க? அது தன்பாட்டுக்குக் கொல்லைப் பக்கம் ஓடுது. கண்ணைத் தொறந்து பாருங்க!"

வேம்பு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவங்க சொல்றது நெசந்தான் அத்த" என்றாள். என் பக்கம் பேசவேண்டியவள் இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

ஐந்தாம் நாள் ஓதம் ஏறி நிற்கிற உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "இனிமே தினமும் காலையில ஒரு கோடு" என்றாள். மறுநாள் நான் கீழ்வேளூரில் இருக்கிற என் மகள் வீட்டுக்குப் புறப்பட்டேன். பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. போன இடத்தில் விடவில்லை, பத்து நாள் ஆகிவிட்டது.

திரும்பி வந்து கூடத்துக்குள் கால் வைத்தேனோ இல்லையோ, "அத்த, இங்க பாருங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். கோடுகள் படி படியாக இறங்கியிருந்தன. நாலு விரற்கடை! இத்தனைக்கும் அந்தப் பத்து நாளும் வெயில் காணாத பனி. யாரும் எதுவும் செய்யவில்லை. தானாக இறங்கியிருக்கிறது.

"செவுரு சரியாயிடுச்சுடி!" என்று நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளில் கோடு மறுபடி ஏறியது. வேம்பின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. கூட்டத்துக்கு இன்னும் நாலே நாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. சுவரையே பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி சுவரைப் பார்க்கிறாள்.

மறுநாள் விடியற்காலம் நான் எழுந்து வாசல் கூட்டித் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தேன். என் தெளிப்பு மற்றவர்கள் தெளிப்பு மாதிரி இருக்காது. ஆறு வாளி. வாசலைக் குளிப்பாட்டினால்தான் கோலம் நிற்கும். என் மருமகள் கயல்விழி நர்சு, ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஓடுவாள். நான் இருந்தால் அந்த அலட்சியம் நடக்காது. நாலாவது வாளியை வீசியபோது விளக்குக் கம்பத்தடியிலிருந்து ஒரு உருவம் ஓடி வந்தது. வேம்பு!

"அத்த, நிறுத்துங்க! அப்படியே நில்லுங்க!"

ஈரத்தில் குப்புறப் படுத்துவிட்டாள். சுவரோடு காதை ஒட்டிவைத்தாள்.

"குடிக்குது அத்த! செவுரு குடிக்குது! வந்து கேளுங்க!"

இந்த வயதில் நானும் குனிந்து பார்த்தேன். வாசல் சிமெண்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நூல் கனத்துக்கு ஒரு இடைவெளி. நான் ஊற்றிய தண்ணீர் தெருப்பக்கம் போகாமல் வீட்டுப் பக்கமே ஓடிவந்து, குமிழி விட்டுக்கொண்டு அந்த இடைவெளிக்குள் இறங்குகிறது. களக், களக் என்று சத்தம் வேறு.

வேம்பு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"சொன்னா கோவிச்சுப்பீங்க."

"சொல்லுடி."

"நீங்க ஊருக்குப் போன பத்து நாளும் செவுரு காஞ்சுது. நீங்க வந்தீங்க, ஏறுது."

"அப்ப நான் ஒரேயடியாப் போய்ச் சேந்துட்டா ஒன் செவுரு நல்லா இருக்குமா?"

"ஐயோ அத்த, நான் அப்படிச் சொல்லல..."

"ஊரே ஒன்னை ஏசினப்ப ஒனக்காகப் பேசினவ நான். என்னையே திருடிங்கறியா?"

கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் வெளியே நிற்பது தெரிந்தது. தெரிந்தும் திறக்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வாசல் தெளிக்கிறேன். தண்ணீர் தெளித்த வாசல் கெட்டது என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அடுத்த நாள் வேண்டுமென்றே எட்டு வாளி ஊற்றினேன். அதற்கு அடுத்த நாள் பத்து. பார்க்கலாம் என்ன ஆகிறது என்று.

என்ன ஆனது? ஓதம் எல்லாக் கோட்டையும் தாண்டிக்கொண்டு போய் மின்சுவிட்சுக்குக் கீழே வந்து நின்றது. கயல்விழி அந்தச் சுவிட்சைத் தொடப் பயந்து மெயினை அணைத்துவிட்டாள். என் வீம்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. சொந்தக் கண்ணால் பார்த்த பிறகு என்ன செய்வது? வேம்பை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினேன். நான் பேச ஆரம்பிக்கும் முன்னால் அவளே பேசினாள்.

"அத்த, தண்ணி ஊத்தாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். வயலுக்குப் பாயுற வாய்க்கா ஒண்ணு இருந்தா வடியற வாய்க்கா ஒண்ணு வேணுமா இல்லியா? ஒங்க வாசலுக்குப் பாய்ச்சல் இருக்கு, வடிச்சல் இல்ல. எந்த வயலு அழுவுனாலும் நான் மொதல்ல வடிகாலத்தான் பாப்பேன். இங்க மட்டும் பூச்சையே பாத்துக்கிட்டு ஒக்காந்துட்டேன், புத்திகெட்டவ. நான் ஒரு வடிகால் வெட்டித் தர்றேன். நீங்க எண்பது வாளி ஊத்துங்க!"

வாளியை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனால் அவளுக்கு ஒரு கவலை இருந்தது. வீடு கட்டும்போதே, தரையிலிருந்து ஈரம் ஏறாமல் இருக்க, சுவரின் அடியில் சிமெண்டும் தாருமாக ஒரு பட்டை போடுவார்களாம். அந்தப் பட்டை இருந்தால், வாசலை உயர்த்தியபோது அது மண்ணுக்குள் புதைந்துவிட்டது, தண்ணீர் அதற்கு மேலே நின்று சுவருக்குள் போகிறது என்று எல்லோருக்கும் காட்டிவிடலாம். பட்டையே இல்லை என்றால், 'சுவரே கோளாறு, அதைப் பார்க்காமல் பூசினாள்' என்று மறுபடி அவள் தலையில்தான் விடியும்.

"அந்தக் காலத்து வீட்டுல பட்டை போட்டிருப்பாங்களான்னு தெரியலியே அத்த."

தார் என்றதும் எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது! "போட்டாங்கடி! புகழேந்தி அப்ப என் வயித்துல. டப்பாவுல தாரக் காய்ச்சுனாங்க. அந்த நாத்தத்துல நான் மூணு நாளு சோறு திங்கல. இருக்கு! நீ ஒடை!"

ஞாயிற்றுக்கிழமை குழுப் பெண்கள் இருபது பேரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மேஸ்திரியும் வந்தார், வேடிக்கை பார்க்க. அமலோற்பவம் வேலிக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். வேம்பு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உளியைச் சுவரோரம் வைத்துச் சுத்தியலால் முதல் அடி அடித்தாள். சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டு பெயர்ந்தது. அடியில் மண்ணா அது? நாற்றங்கால் சேறு! கையில் அள்ளிப் பிழிந்தாள், தண்ணீர் சொட்டியது. பெண்கள் எல்லோரும் 'அடியாத்தே' என்றார்கள்.

தோண்டினாள். அரைச் சாண் போனாள். பட்டை இல்லை. ஒரு சாண் போனாள். செங்கல்தான் தெரிகிறது. மேஸ்திரி மீசையைத் தடவினார். "அந்தக் காலத்துல ஏதும்மா பட்டையெல்லாம்..." என்று இழுத்தார். வேம்பு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"தோண்டுடி! நான் மோந்த தாரு எங்கயும் போயிடாது!"

இன்னும் இரண்டு விரற்கடை. கரண்டி முனையில் ஏதோ வழுக்கியது.

"கறுப்பு! கறுப்பு தெரியுது!" என்று முதலில் கத்தியவள் அமலோற்பவம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது போலிருக்கிறது.

தார்தான். நாற்பத்தெட்டு வருஷம் ஆகியும் அறுந்துபோகாமல் ஒரே நேராக ஓடுகிறது. அதற்கு மேலே ஒரு சாணுக்கும் அதிகமாக ஈரமண். எவ்வளவு நல்ல பூச்சானாலும் அங்கே என்ன செய்யும்? ஹபீபுன்னிசா குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள். எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"என்னை என்னத்துக்குப் பாக்குறீங்க? நானா ஆசப்பட்டு ஒசத்துனேன்? ஒசத்துன்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?"

இருபது தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் லேசில் தோற்கிறவள் இல்லை. ஆனால் வேம்பு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறாள், முழங்கை வரைக்கும் சேறு. நான் இப்போது வாயைத் திறக்காவிட்டால் பிறகு எதற்குத் திறந்து என்ன?

"நான்தான் ஒசத்தச் சொன்னேன். தெனமும் ஆறு வாளி ஊத்துனதும் நான்தான். நேத்து பத்து வாளி. வேம்பு பூசுனது நல்ல பூச்சு. அமலோற்பவம், ஒன் தண்ணி மேலயும் தப்பு இல்ல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மூச்சு விட்டால் நின்றுபோகும் என்று தெரியும். அதோடு விடவும் மனம் வரவில்லை. "ஏன் மேஸ்திரி, பட்டை எங்க இருக்குன்னு பாக்காம நான் சொன்னேன்னு சிமெண்டைக் கொட்டிட்டீங்களே, கெணத்துல விழுங்கன்னு சொன்னா விழுந்துடுவீங்களா?"

சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மேஸ்திரி சிரிக்கவில்லை. குழியோரம் உட்கார்ந்து அந்தப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு, "இந்த மண்ண யாரு அள்றது? சட்டி எங்க?" என்றார்.

"அந்தா இருக்குங்க மேஸ்திரி" என்றாள் வேம்பு.

"முதுகு புடிச்சிருக்கு. ஒரு சட்டிதான் தூக்குவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். ஒன்பது சட்டி தூக்கினார், நான் எண்ணினேன். கூட்டம் என்று தனியாக ஒன்று நடக்கவே இல்லை. போகும்போது ஹபீபுன்னிசா, "வேம்பு, வெசாழக்கெழம கட்டடத்துக்கு வந்துடு. ஒனக்கு எத்தனை சித்தாளு வேணும்னு சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாளில் வடிகால் தயார். சுவரை ஒட்டி ஒரு முழ அகலம், பட்டைக்கும் கீழே ஆழம், கிழக்கே இருக்கிற சாக்கடையைப் பார்த்துச் சரிவாகச் சிமெண்டுத் தரை. வாசற்படிக்கு நேரே மட்டும் கால் வைத்துப் போக ஒரு கருங்கல் பலகை. என் வாசல் தெரு உயரத்திலேயே நிற்கிறது, கோலமும் குழிக்குள் விழவில்லை.

சிமெண்டு இறுகிய மறுநாள் காலையில் தெளிப்பு. வேம்பு கிழக்குக் கோடியில், வடிகால் முடிகிற இடத்தில், மடை திறந்துவிட்டு வரப்பில் காத்திருப்பாளே, அதே மாதிரி குந்தி உட்கார்ந்துகொண்டாள். நான் வாளியைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் வழக்கம்போல வீட்டைப் பார்த்து ஓடியது, வடிகாலுக்குள் விழுந்தது, அப்புறம் எனக்குத் தெரியவில்லை.

"வருதாடி?"

இன்னும் ஒரு வாளி வீசினேன்.

"வருது அத்த! வருது! இன்னும் ஊத்துங்க!"

கயல்விழி பஸ்ஸை மறந்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள். புகழேந்தி பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு வந்தான். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால்கூட நாங்கள் இப்படிக் கூத்தாடியதில்லை.

இப்போது கோடு முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. உப்புப் பூத்த பழைய பூச்சைச் சுரண்டிப் போட்டுவிட்டாள், செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சித்திரையில் புகழேந்தியின் மகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள், அதற்குள் பூசிக்கொடு என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், அதட்டியும் பார்த்துவிட்டேன். குழுக் கட்டடத்துச் சாரத்தில் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு, "செவுரு முழுசாக் காயட்டும் அத்த. காயாத செவுத்துல நான் கை வைக்கமாட்டேன்" என்கிறாள். எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறாள். இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததே இல்லை.